மாணவர் உதவித்தொகை: யார்க்கு? எவ்வளவு? எப்போது?

(மண்டகப்பட்டில் கூடிய நம் சங்கக் கல்விக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

   

தமிழாசிரியராகிய எம்மை இங்குப் பேசப் பணித்த அன்பர்கள், சங்க நூல்களினின்றோ காப்பியங்களினின்றோ ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம் என்றே எதிர்பார்த்திருப்பர். யாமும் அங்ஙனமே கருதிக் குறிப்பெழுதி வைத்திருந்தோம். ஆனால், சென்ற திங்கள் ஒருநாள் மாலை, எம்மிடம் பன்னிரண்டாம் வகுப்பு வரையிற் பயின்று நல்ல மதிப்பெண்ணோடு கல்லூரி சென்ற மாணவன் ஒருவன் எம் இல்லம் போந்தான். அவன் கைவிரல்களைச் சிமெண்டு அரித்திருந்தது. "படிப்பு எவ்வாறு நடக்கின்றது, தம்பி?" என்றோம். "நின்றுவிட்டேன், ஐயா" என்றான். உதவித்தொகை இன்று வரும், நாளை வரும் என்று எட்டுத் திங்கள் காத்திருந்ததாகவும், தேர்வுக் கட்டணத்திற்கும் தங்கியிருந்த அறையின் வாடகைப் பாக்கிக்கும் வழியின்றித் தந்தையாரோடு கொத்து வேலைக்குப் போய்விட்டதாகவும் கூறினான். அப்போது வேண்டியிருந்த தொகை எவ்வளவு என்று கேட்டோம். 3,000 ரூபாய் என்றான். இரண்டாண்டுப் படிப்பு 3,000 ரூபாய்க்கு வீழ்ந்தது. அன்றே எம் குறிப்புக்களை மடித்து வைத்துவிட்டு, இப்பொருளைப் பேசுவதென்று துணிந்தோம்.

நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெருமை உங்களுக்குப் புதிதன்று. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பல்லவப் பேரரசன் முதலாம் மகேந்திரவர்மன் இவ்வூர்ப் பாறையைக் குடைந்து அயன், அரன், அரி என்னும் மூவர்க்கும் ஓர் ஆலயம் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் என்னும் நான்கும் இன்றி விசித்திரசித்தன் இதனைச் செய்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டுக் கூறுகின்றது. அக்கோயிலைக் காணுந்தோறும் எமக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. இவை நான்கும் இன்றி ஒரு கோயில் எழலாம். சோறும், உடையும், தங்குமிடமும், நூலும் இன்றி ஒரு மாணவனுடைய கல்வி எழுமோ? எழாது. அந்நான்கையும் வாங்கித் தர இயலாத பெற்றோர்க்குத் துணையாக நிற்கவே அரசினரின் உதவித்தொகைகள் ஏற்பட்டன.

இவ்வுதவிகளை மாற்றியமைக்க வேண்டும் என்னும் பேச்சு, சில ஆண்டுகளாக நாடெங்கும் நிகழ்ந்து வருகின்றது. அதனை மூன்று வினாக்களாகப் பகுத்துக் காண்போம். உதவி யார்க்கு? எவ்வளவு? எப்போது? முதல் இரண்டு வினாக்களைப் பற்றியே மன்றங்களிலும் செய்தித்தாள்களிலும் மிகுதியாக வாதிடுகின்றனர். மூன்றாவதே தலையாயது என்பது எம் கருத்து. எனினும் முறைப்படியே செல்வோம்.

யார்க்கு என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். பட்டியல் வகுப்பு மாணவர்க்குப் பள்ளிப் படிப்பிற்குப் பின் வழங்கும் மத்திய அரசு உதவித்தொகைக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்கு மேற்படலாகாது என்று 2013-ஆம் ஆண்டில் வரம்பு கட்டினர். 2021-ஆம் ஆண்டில் விதிகளைப் புதுக்கியபோதும் அவ்வரம்பு உயரவில்லை. நம்மைப் போன்ற பிற்பட்ட வகுப்பினர்க்குரிய உதவித்தொகைக்கும் அத்தொகையையே வரம்பாக்கினர். இத்தொகை யாரை உள்ளே விடுகின்றது, யாரை வெளியே தள்ளுகின்றது என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கொத்தனார் நாளொன்றுக்கு 800 ரூபாய் வீதம் திங்களுக்கு 26 நாள் வேலை செய்கின்றார் என்று கொள்வோம். ஆண்டுக்கு 2,49,600 ரூபாய் ஆகின்றது. வரம்பிற்கு 400 ரூபாய் குறைவு. அவர் மனைவியார் நூறுநாள் வேலைக்குச் சென்று ஒரு வாரக் கூலி வாங்கினாலும், வீட்டிற் கட்டிய பசுவின் பாலை விற்றாலும், அக்குடும்பம் வரம்பைத் தாண்டிவிடும். அரைக்காணி நிலத்தில் மணிலா நன்கு விளைந்த ஆண்டில் மகன் உதவியை இழப்பான். மழை பொய்த்த ஆண்டில் மீண்டும் பெறுவான். செல்வர்க்கும் வறியர்க்கும் இடையே இட்ட கோடாக இஃது இல்லை. வறியர்க்கும் வறியர்க்கும் இடையே இட்ட கோடாகவே இருக்கின்றது. இதற்கிடையில், பிற்பட்டோருள் முன்னேறியவர்களை விலக்கும் வரம்பை மத்திய அரசு 2017-இல் 8 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. 2019-இல் ஏற்பட்ட நலிந்த பிரிவினர் ஒதுக்கீட்டிற்கும் அதே 8 லட்சத்தையே வரம்பாக்கியது. இடஒதுக்கீட்டிற்கு ஏழை என்று கருதப்படுவோன், உதவித்தொகைக்கு மட்டும் ஏழையல்லன் ஆவது எங்ஙனம்? பிற்பட்டோர் நலத்திற்கான பாராளுமன்றக் குழு, 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அளித்த அறிக்கையில், உதவித்தொகைக்குரிய வரம்பு உயர வேண்டும் என்று பரிந்துரைத்தது நியாயமே.

இவ்வரம்பினால் விளையும் வேறொரு தீமையை யாம் மறைக்காமற் சொல்ல வேண்டும். சில ஆண்டுகட்கு முன் ஒரு தந்தையார் எம்பால் வந்து, உண்மையான வருமானத்தை எழுதினால் மகளுக்கு உதவி கிடையாது, என் செய்வது என்று வினவினார். வாய்மையைப் பற்றி வகுப்பிற் பாடஞ் சொல்லும் யாம், குறைத்து எழுதுமாறு கூறியதன்றி, விண்ணப்பத்தையும் எம் கையாலேயே நிரப்பிக் கொடுத்தோம். அப்பெண் இன்று பட்டம் பெற்று வேலையில் இருக்கின்றாள். அதுபற்றி மகிழ்கின்றோம். ஆயினும் அந்நாளை நினைக்குந்தோறும் நாணுகின்றோம். ஏழைக் குடியினர் கல்விக் கோயிலின் வாயிலைப் பொய் சொல்லியே கடக்க வேண்டும் என்னும் நிலை, அரசிற்கும் அழகன்று, ஆசிரியர்க்கும் அழகன்று. கூலியும் விலையும் ஏற ஏற வரம்பும் தானே ஏறுமாறு விதி செய்வார்களாயின், பொய்க்கு இடமே இராது.

இனி, எவ்வளவு என்பதற்கு வருவோம். நம் மாநிலத்தில் நிகழ்ந்த பெரியதொரு மாற்றத்தைத் தாய்மார்கள் நன்கறிவர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989-ஆம் ஆண்டில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் ஏற்பட்டது. நாளடைவில் அது வளர்ந்து, பட்டம் பெற்ற பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தாலிக்கு ஒரு பவுன் பொன்னும் என்னும் அளவை எட்டியது. 2022-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அரசினர் அதனை உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றினர். அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை பயின்ற பெண்கள் கல்லூரியில் தொடர்ந்து படிக்குங்கால், படிப்பு முடியும் வரை திங்கள்தோறும் 1,000 ரூபாய் அவர்தம் வங்கிக் கணக்கிலேயே சேரும் என்றனர். புதுமைப் பெண் என்னும் பெயரோடு அது 2022 செப்டம்பர் 5-ஆம் நாள் தொடங்கியது. ஆண்மக்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்னும் பெயரில் 2024 ஆகஸ்டு 9-ஆம் நாள் கோயம்புத்தூரில் தொடங்கியது.

அம்மாற்றத்தின்போது நம் வீடுகளில் எழுந்த முணுமுணுப்பை யாம் கேட்டோம். "பவுன் போயிற்றே!" என்றனர் தாய்மார்கள். கணக்கில் அவர்கள் கூறியது பிழையன்று. மூன்றாண்டுப் பட்டத்திற்கு 36 திங்கள் என்று கொண்டாலும் 36,000 ரூபாயே ஆகின்றது. 50,000 ரூபாயையும் ஒரு பவுனையும் விட இது குறைவே. ஆனால், பழைய உதவி மணவறையில் வந்தது. இடையிலே படிப்பை நிறுத்திய பெண்ணுக்குப் பட்டதாரிக்குரிய உதவி எட்டாக்கனியே. புதிய உதவியோ அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே, அவள் பெயரிலேயே வருகின்றது. தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்ட அம்மையார் பெயரால் அமைந்த திட்டம், பெண்ணின் கழுத்தினின்றும் அவள் கைக்கு இடம் மாறியது பொருத்தமே என்று கருதுகின்றோம்.

ஆயினும் 1,000 ரூபாய் போதுமோ? நாளொன்றுக்கு 33 ரூபாய். விழுப்புரத்து அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரிக்கோ திண்டிவனத்துக் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரிக்கோ வீட்டிலிருந்து நாள்தோறும் சென்றுவரும் மாணவிக்கு, பகலுணவுக்கு ஓரளவு உதவும். சென்னையிலோ கோவையிலோ அறை எடுத்துத் தங்கிப் படிப்பவனுக்கோ, யானைப் பசிக்குச் சோளப்பொரி இட்டதாகவே முடியும். மேலும், 2022-இல் வகுத்த 1,000 ரூபாயே, ஈராண்டு கழித்து ஆண்மக்களுக்கு நீட்டித்தபோதும் 1,000 ரூபாயாக இருந்தது. ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீதம் விலை ஏறுமாயின், மூன்றாண்டில் அந்த 1,000 ரூபாய் 864 ரூபாய்க்குரிய பண்டத்தையே வாங்கும். குறைத்தோம் என்று எவரும் அறிவியாமலே உதவி குறைந்துவிடும். நம் அண்டை நாடாகிய இலங்கையில், 1981-இல் சட்டம் பெற்ற மகாபொல நிதியிலிருந்து பல்கலைக்கழக மாணவர்க்குத் திங்கள்தோறும் உதவி வழங்குகின்றனர். அங்கு விலைவாசி தாங்கொணாது ஏறிய பின்னர், 2025-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேயே அதனை 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்தினர். உயர்த்தியது நன்று. ஆனால், துன்பம் முற்றிய பின் உயர்த்துவதினும், ஆண்டுதோறும் விலையோடு ஒட்டிச் சிறிது சிறிதாக உயர்த்துவதே அறிவுடைமை.

இவ்விடத்தில் ஒரு சாரார், "இலவசமாகக் கொடுத்தால் பிள்ளைகள் சோம்பர் ஆவர், கடனாகக் கொடுத்தால் பொறுப்பு வரும்" என்பர். 33 ரூபாயில் ஒருவன் எவ்வாறு சோம்பியிருக்க இயலும் என்று அவர்கள் விளக்குவாராக. இங்கிலாந்தில் 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பட்டப்படிப்பு மாணவர்க்கு வாழ்க்கைச் செலவிற்கு நன்கொடை அளித்தனர். 2016 முதற் புதிதாகச் சேர்ந்தோர்க்கு அந்நன்கொடையை முற்றும் நீக்கிக் கடன் மட்டுமே என்றாக்கினர். அதன் பயனாக, வறிய வீட்டுப் பிள்ளையே செல்வர் வீட்டுப் பிள்ளையினும் மிகுந்த கடனோடு பட்டம் பெற்று வெளிவரும் நிலை ஏற்பட்டது. கந்துவட்டியின் கொடுமையை மூன்று தலைமுறையாக அறிந்த நம் உழவர் குடிகளுக்குக் கடன் என்னும் சொல்லே அச்சந் தருவது. அவர்கள் மகளைக் கடனிற் படிக்க வைப்பதினும், படிப்பை நிறுத்தவே முற்படுவர்.

மூன்றாவது வினா, எப்போது என்பது. கொத்து வேலைக்குச் சென்ற அம்மாணவனுக்கு வரம்பு தடையன்று, தொகையும் தடையன்று. விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது. காலமே தடையாயிற்று. வள்ளுவப் பெருந்தகை செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்து, அதனுள் உதவியின் அளவையன்றி அது வந்த காலத்தையே பெரிதாக வைத்தார். உழவர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. கதிர் காய்ந்த பின் பெய்யும் மழையும் மழையே. ஆனால் யார்க்குப் பயன்?

தாமதம் எவ்வாறு நேர்கின்றது? 2020 டிசம்பர் 23-ஆம் நாள், மத்திய அமைச்சரவை பட்டியல் வகுப்பு மாணவர் உதவித்தொகைக்கு ஐந்தாண்டிற்கு 59,048 கோடி ரூபாய் என்று திட்டமிட்டு, அதில் நூற்றுக்கு 60 பங்கு மத்திய அரசினது, 40 பங்கு மாநில அரசினது என்று வகுத்தது. பங்கீட்டைத் தெளிவாக்கியது நற்செயலே. ஆனால், மாநிலம் தன் பங்கைச் செலுத்திய பின்னரே மத்தியப் பங்கு மாணவன் கணக்கிற் சேரும் என்பது விதி. இரண்டு பைகளுக்கு இடையே ஒரு மாணவன் காத்து நிற்கின்றான். வருமானச் சான்று, வகுப்புச் சான்று, ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு, கல்லூரியின் சரிபார்ப்பு, துறையின் சரிபார்ப்பு என்னும் ஐந்து வாயில்களுள் ஒன்று அடைபட்டாலும் பணம் நிற்கும். ஆனால், கல்லூரித் தேர்வு நிற்பதில்லை. விடுதிச் சோறும் வாடகையும் கடன் சொல்ல விடுவதில்லை.

திங்கள்தோறும் தவறாது வரும் சிறுதொகையின் வலிமைக்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்வே சான்று. பரோடா மன்னர் சயாஜிராவ், அவர் பி.ஏ. பயிலுதற்குத் திங்கள் 25 ரூபாய் வழங்கினார். பின்னர் 1913-இல் அமெரிக்காவிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பயிலத் திங்கள் 11½ பவுன் வீதம் மூன்றாண்டு வழங்கினார். உதவிக் காலம் முடிந்தபோது, அத்தகைய பேரறிஞரும் இலண்டன் படிப்பை இடையே விட்டு 1917-இல் நாடு திரும்ப நேர்ந்தது. பொருள் சேர்த்து 1920-இல் மீண்டும் சென்றே அதனை முடித்தார். அவர்க்கே அந்நிலையாயின், நம் பிள்ளைகள் எம்மாத்திரம்?

அவர் பெயரைச் சொன்னவுடன் சிலர் முகம் மாறுவதை யாம் அறிவோம். "எல்லாம் பட்டியல் வகுப்பாருக்கே போகின்றது, நம்மவர்க்கு யாதும் இல்லை" என்று நம் கூட்டங்களிலேயே பேசக் கேட்டிருக்கின்றோம். பெரியோர்கள் பொறுத்தருள்க, இக்கூற்று உண்மையும் அன்று, அறமும் அன்று. பட்டியல் வகுப்பு மாணவர்க்கு மத்திய அரசு உதவித்தொகை ஏற்பட்டது 1944-இல், அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில். அவ்வழியைப் பின்பற்றியே பிற்காலத்தில் நம் வகுப்பார்க்கும் உதவி வந்தது. அவர் வெட்டிய வாய்க்காலில் நம் வயலும் நீர் குடிக்கின்றது. தாமதமோ சாதி பார்ப்பதில்லை. அவர்கள் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒரே சாரத்தில் நின்று செங்கல் ஏற்றுகின்றனர். கல்வி எக்குடியிற் பிறந்தவனையும் உயர்த்தும் என்பதையும், தாழ்ந்தவன் என்று கருதப்பட்டவன் கற்பானாயின் உயர்ந்தவனும் அவனை நாடி வருவான் என்பதையும், பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் புறநானூற்றிற் பாடிவைத்தான். முடிமன்னன் உணர்ந்ததை நாம் உணர மறுக்கலாமா? அயலான் இலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதினும், இருவர் இலைக்கும் சோறு காலத்தில் வரவேண்டும் என்று சேர்ந்து கேட்பதே பயன் தரும்.

இனி, செய்யத்தக்கது யாது? அரசினரை நாம் கேட்க வேண்டுவன மூன்று. வருமான வரம்பும் உதவித்தொகையும் விலையோடு ஆண்டுதோறும் உயருமாறு விதியாக வேண்டும். ஒருமுறை பெற்ற வருமானச் சான்று படிப்பு முடியும் வரை செல்ல வேண்டும். கல்வியாண்டின் முதற்றிங்களிலேயே, சென்ற ஆண்டின் பட்டியலைக் கொண்டு முற்பணம் வழங்கிப் பின்னர்ச் சரிபார்த்தல் வேண்டும். இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புமாறு இவ்வவையை வேண்டுகின்றோம்.

ஆனால் தீர்மானம் எழுதிவிட்டுக் கலைந்து செல்வோமாயின், நாமும் தாமதஞ் செய்வோர் பட்டியலிற் சேர்ந்துவிடுவோம். ஆதலின் சங்கம் ஒரு கைமாற்று நிதி தொடங்க வேண்டும். 200 குடும்பங்கள் திங்களுக்கு 50 ரூபாய் தந்தால், ஆண்டில் 1,20,000 ரூபாய் சேரும். ஒருவனுக்கு 3,000 ரூபாய் வீதம் 40 மாணவர்க்குக் கொடுக்கலாம். வட்டி வேண்டா. உதவித்தொகை வந்தவுடன் அவன் திருப்பித் தருவான்; அப்பணம் அடுத்தவனுக்குச் செல்லும். நம் திருமணங்களிலும் மஞ்சள் நீராட்டு விழாக்களிலும் சாலையோரம் நிறுத்தும் பதாகைகளிற் சிலவற்றைக் குறைத்தாலே, ஒரு மாணவனுடைய தேர்வுக் கட்டணம் தேறும்.

இறுதியாக, சிலர்க்குக் கசக்கக்கூடிய ஒரு வேண்டுகோளும் உண்டு. இந்நிதி நம் குலத்துப் பிள்ளைகளோடு நின்றுவிடலாகாது. இவ்வூரிலும் சுற்றூர்களிலும் நம் பிள்ளைகளோடு ஒரே பலகையில் அமர்ந்து படித்த எப்பிள்ளை வந்து கேட்டாலும், சாதி கேளாது கொடுத்தல் வேண்டும். சங்கத்தின் பணம் சங்கத்தாருக்கே என்பது வழக்கமாயிற்றே என்பீர்கள். மண்டகப்பட்டில் கூடிப் பேசுகின்றோம். முன்னோர் வழக்கப்படி செங்கல்லும் மரமும் கொண்டே கட்டுவேன் என்று மகேந்திரவர்மன் நின்றிருப்பானாயின், இப்பாறை பாறையாகவே கிடந்திருக்கும். மூவர்க்கும் ஒரே கூரையின்கீழ் இடங் கொடுத்தவன் ஊரில் நின்று, நாம் ஒருவர்க்கு மட்டும் கதவு திறக்கலாமா?

எம் மாணவன் வரும் ஆனியில் மீண்டும் கல்லூரிக்குச் செல்ல இசைந்திருக்கின்றான். அவனுக்குரிய 3,000 ரூபாயை இந்நிதியின் முதற் கைமாற்றாக இவ்வவை அளிக்குமாயின், எம் பேச்சு பயனுடையதாகும். அளித்த பின்னர் மற்றொரு நாள் வந்து, மடித்து வைத்த இலக்கியக் குறிப்புக்களை விரித்துப் பேசுவோம்.